கழிவுத் தேயிலை: விற்பதா, எரிப்பதா, புதைப்பதா, கொம்போஸ்ட் போடுவதா?

உமியை யாரும் இரவில் லொறியேற்றிக் கடத்துவதில்லை. கோப்பிப் பழத்தோலைத் தேடிப் பொலிசார் களஞ்சியத்தைச் சுற்றிவளைப்பதில்லை. கழிவுத் தேயிலைக்கு மட்டும் இதெல்லாம் நடக்கிறது. இலங்கை மலைநாட்டின் கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவைப் பக்கங்களில் மூடை மூடையாகப் பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். குப்பைதான், ஆனால் விலைபோகும் குப்பை. சாயமும் வாசமும் கொஞ்சம் மிச்சமிருப்பதால், சலித்து, நிறமேற்றி, நல்ல தூளோடு கலந்து விற்றுவிடலாம்.

ஆகவே வேறு பயிர்க் கழிவுகளுக்கு முதலில் கேட்கும் "எது மலிவு?" என்ற கேள்வி இங்கே இரண்டாவதாகத்தான் வரவேண்டும். முதற் கேள்வி, இது திரும்பவும் யாருடைய கோப்பைக்காவது போய்ச் சேருமா என்பது. தொழிற்சாலையில் தூள் தயாரிப்பை நடத்தும் டீ மேக்கர், பிரதேச சபையின் கொம்போஸ்ட் முற்றத்தை நடத்துபவர், கைப்பற்றிய மூடைகளுக்குப் பொறுப்பான அலுவலர் ஆகிய மூவரையும் மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

எது கழிவு, எது கழிவில்லை

சலிக்கும் அறையில் கடைசியாக மிஞ்சும் முற்றிய குச்சி, தும்பு, பஞ்சுபோல் பறக்கும் நுண்தூள் (இதைப் பஞ்சு என்றே சொல்வோம்), சிவந்த முற்றல் இலைத் துண்டு, தரையைக் கூட்டி அள்ளிய தூள் ஆகியவைதான் கழிவு. இதை ஓஃப் கிரேட் தேயிலையோடு குழப்பக்கூடாது. பி.எம்., பி.பி. போன்ற தரப்பெயர்களில் வருபவை தரம் குறைந்தாலும் தேயிலைதான். கொழும்பு ஏலத்தில் முறைப்படி விற்கலாம்.

எல்லைக்கோட்டை ஆய்வுகூட எண்கள் காட்டும். ஐ.எஸ்.ஓ. 3720 தரத்தின்படி கறுப்புத் தேயிலையில் நார் 16.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நீரில் கரையும் சாறு 32 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. மொத்தச் சாம்பல் 4 முதல் 8 சதவீதம். அமிலத்தில் கரையாத சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. குச்சி கூடினால் நார் எகிறும். கூட்டி அள்ளிய தூள் கலந்தால் மண்ணும் மணலும் சேர்ந்து கடைசி எண் எகிறும். நார் மட்டும் கூடிய சரக்குக்கும் மணல் கலந்த சரக்குக்கும் வழி வேறு என்பதால், சாக்குக் கட்டும்போதே குச்சியைத் தனியாகவும் கூட்டல் தூளைத் தனியாகவும் கட்டுவது பின்னால் பெரிய வேலையை மிச்சப்படுத்தும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. நாளொன்றுக்கு 1,000 கிலோ தூள் செய்யும் தொழிற்சாலைக்கு ஏறக்குறைய 4,600 கிலோ கொழுந்து வரவேண்டும். தூளில் நூற்றுக்கு மூன்று கழிவு என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 30 கிலோ, மாதம் 25 வேலைநாளில் 750 கிலோ. எடை பெரிதில்லை, இடந்தான் பெரிது. பஞ்சு கட்டிய சாக்கால் லொறியைக் கூரைவரை நிரப்பினாலும் வில்லு அழுந்தாது. தூரத்துக்கு ஏற்றி அனுப்பும் எந்த வழியும் இந்த இடத்திலேயே பாதி தோற்றுவிடுகிறது.

விற்பது

1957ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், தேயிலை ஆணையாளரின் பதிவும் அனுமதியும் பெற்றவர்களோடு மட்டுமே இந்த வியாபாரம் செய்யலாம். அனுமதியில்லாமல் வைத்திருப்பதும் ஏற்றிச்செல்வதும் வழக்கில் முடியும். விற்பதன் நன்மை ஒன்றே: கைமேல் காசு. தீமை, சாக்கு வாசலைத் தாண்டியபின் அது எங்கே போகிறது என்று விற்றவருக்குத் தெரியாது. அனுமதிப்பத்திரம் வாங்குபவரைத்தான் கட்டுப்படுத்தும். வழியில் நிறுத்திய லொறியிலிருந்து இறங்கும் பத்துச் சாக்கைக் கட்டுப்படுத்தாது.

அரசு தான் கைப்பற்றியதை ஏலம் விடுவது இதைவிட மோசமான யோசனை. பிடித்த சரக்கையே மறுபடி சந்தைக்கு அனுப்பினால், பிடித்ததால் என்ன பயன்? கலப்படத் தூள் முதலில் வந்து சேருவது நட்சத்திர ஹோட்டலுக்கல்ல, கிராம் கணக்கில் தூள் விற்கும் லயத்துக் கடைக்கு. கொழுந்து பறித்தவர் வீட்டு அடுப்பிலேயே அது கொதிக்கிறது.

கஃபீன் எடுப்பதையும் விற்பனையின் ஒரு கிளையாகச் சிலர் முன்வைப்பார்கள். காகிதத்தில் அழகான கணக்கு: ஒரு தொன் கழிவில் 20 முதல் 30 கிலோ கஃபீன். ஆனால் அதற்குக் கரைப்பான், அதை மீட்கும் இயந்திரம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான தொன் சரக்கு எல்லாம் வேண்டும். தனித் தொழிற்சாலைக்கோ பிரதேச சபைக்கோ இது வழியல்ல. எடுத்த பிறகும் 97 சதவீதம் ஈரக் கழிவாக அப்படியே மிஞ்சும்.

புதைப்பது

குழி வெட்டிக் கொட்டி மூடுவது ஒரு நாள் வேலை. அதனால்தான் அலுவலகங்களுக்கு இது பிடிக்கும். மலைநாட்டில் இரண்டு காரணங்களால் இது தவறு. உலர்ந்த தூளைச் சாக்கோடு புதைத்தால் அது உடனே அழியாது, தோண்டி எடுத்துவிடலாம். சாக்கைக் கிழித்து நனைத்துப் புதைத்தால், மழையோடு கறுத்த சாயநீர் கீழே இறங்கும். அந்தச் சாயம் நஞ்சில்லை, ஆனால் நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். இந்த மலைகளில் "கீழே" என்றால் யாரோ ஒருவர் தண்ணீர் பிடிக்கும் பீலி; அதற்கும் கீழே காசல்ரீயோ மவுசாக்கலையோ மேல் கொத்மலையோ, ஏதோ ஒரு நீர்த்தேக்கம். சரிவில், ஊற்றுக்கு மேலே, கானோரத்தில் குழி வெட்டவே வேண்டாம்.

எரிப்பது

எரிப்பதைத் தள்ளிவிட முடியாது. 5 சதவீத ஈரமுள்ள கழிவுத் தேயிலை கிலோவுக்கு 16 மெகாஜூல் அளவில் வெப்பம் தரும். 20 சதவீத ஈரத்துக்குக் காயவைத்த விறகு 14 அளவில்தான் தரும். ஒரு தொன் கழிவு, ஒரு தொன்னுக்குச் சற்று மேலான நல்ல விறகுக்குச் சமம். அடுப்பும் அங்கேயே இருக்கிறது, லொறி தேவையில்லை. எரிந்தது கோப்பைக்குத் திரும்பாது.

சிக்கல் உருவத்தில் இருக்கிறது. தூள் அடுப்புக் கம்பியிடுக்கால் எரியாமலே சாம்பலுக்குள் கொட்டும், அல்லது காற்றிழுப்பில் பறந்து புகைபோக்கியில் படியும். பஞ்சை மண்வெட்டியால் அள்ளி எரியும் அடுப்புக்குள் வீசுவது நேரடி ஆபத்து. காற்றில் விரிந்த நுண்தூள் ஒரே நொடியில் பற்றி, தீ கதவு வழியாக வீசியவர் முகத்துக்கே திரும்பும். அடுப்பறையில் பஞ்சுச் சாக்கை அடுக்கி வைப்பதும் அதே வகைத் தவறு.

இன்னொன்றை டீ மேக்கர்கள் சொல்லாமலே அறிவார்கள். உலர்த்திக்குப் போகும் சூடான காற்று அடுப்பின் குழாய்களைச் சுற்றி வருவது. குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் புகை தூளில் ஏறும்; அன்றைய சரக்கில் புகை வாசம் என்று தரகர் அறிக்கை வரும். விறகுப் புகையே இதைச் செய்யும். தூள் எரிந்த புகையில் கரி அதிகம், குழாயில் படிவதும் அதிகம். தேயிலைச் சாம்பலில் பொட்டாசியம் நிறைய இருப்பதால் அது சூட்டில் இளகிக் கம்பிகளில் கட்டியாக ஒட்டவும் செய்யும்.

ஆகவே எரிப்பதானால் குச்சியையும் தடித்த தும்பையும் மட்டும், விறகின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், விறகு நன்றாகப் பற்றிய பிறகு, கடதாசிப் பையில் பொதியாகக் கட்டிப் போடவேண்டும். பஞ்சும் கூட்டல் தூளும் வேண்டாம். கைப்பற்றப்பட்ட கலப்படச் சரக்கு எந்தத் தொழிற்சாலை அடுப்புக்கும் போகக்கூடாது. அன்னபேதி (கறுப்பு நிறமேற்றக் கலக்கும் இரும்பு உப்பு) கலந்திருந்தால் கந்தக வாயு குழாயை அரிக்கும். அப்பச்சோடா கலந்திருந்தால் சாம்பல் இன்னும் கெட்டியாக ஒட்டும்.

கொம்போஸ்ட்

செலவு, பயன், கோப்பைக்குத் திரும்ப முடியாமை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான இடங்களில் இதுதான் முன்னே நிற்கும். ஒரு தொன் கழிவில் ஈரம் போக 950 கிலோ. அதில் நைதரசன் 3.5 சதவீதம் என்று கொண்டால் 33 கிலோ. யூரியாக் கணக்கில் 72 கிலோ. எரித்தால் இந்த நைதரசன் முழுதும் புகையில் போய்விடும். கொம்போஸ்டில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு இழந்தாலும் மிச்சம் மண்ணுக்கு வரும்.

ஆனால் அது யூரியாவைப்போல் உடனே வேலை செய்யாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் கைவிடப்படும்வரை கொம்போஸ்ட் என்ற பேரில் என்னென்னவோ விலைபோயின. பழுக்காத குவியலும் அதில் அடக்கம். பழுக்காத தேயிலைக் கழிவு நாற்றுக்குக் கெடுதல். அதிலுள்ள கஃபீனும் துவர்ப்புப் பொருளும் விதை முளைப்பதைத் தடுக்கும், இளவேரைச் சுடும்.

முதல் வேலை, மறுபடி தேயிலையாக விற்க முடியாதபடி தூளைக் கெடுப்பது. இது தொழிற்சாலைத் தரையிலேயே, சாக்கு வாசலைத் தாண்டுமுன் நடக்கவேண்டும். டொலமைட் பொடியையோ சுண்ணாம்பையோ காய்ந்தபடியே மேலே தூவிவிட்டுக் கெடுத்தாயிற்று என்று எழுதுவது வீண். காய்ந்த பொடியைச் சலித்தோ காற்றில் தூற்றியோ பிரித்துவிடலாம். மேல் அடுக்கை மட்டும் நனைப்பதும் அப்படித்தான், அடியிலுள்ளதை எடுத்துக்கொள்வார்கள். கரைசலாக ஊற்றி, சாக்கில் அல்லாமல் தரையில் கொட்டிப் பிரட்டவேண்டும்.

மாட்டுச் சாணம் ஒரு வாளி, தண்ணீர் ஐந்து வாளி என்று கரைத்து வடித்துக்கொள்ளுங்கள். 100 கிலோ கழிவை 55 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர 110 லீற்றர் கரைசல் வேண்டும். கண்ணுக்கு இது அதிகமாகத் தோன்றும். பலர் பாதியில் நிறுத்திவிடுவது அதனால்தான். பஞ்சு முதலில் தண்ணீரை ஏற்காது, மிதக்கும். பாதிக் கரைசலை ஊற்றி மண்வெட்டியால் பிரட்டி, அரை மணி நேரம் விட்டு, மிச்சத்தை ஊற்றுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசியவேண்டும், ஓடினால் அதிகம். டொலமைட் சேர்ப்பதானால் 100 கிலோவுக்கு 1 அல்லது 2 கிலோ போதும். கூடினால் நைதரசன் அமோனியாவாகப் பறக்கும். தேயிலை மண்ணுக்கு வேண்டிய 4.5 முதல் 5.5 வரையிலான பி.எச். அளவும் குலையும்.

அடுத்தது கலவை. அதிகம் பிழைப்பது இங்கேதான். கழிவுத் தேயிலையில் கரிமம் நைதரசனைப்போல் 14 மடங்கு அளவில்தான் இருக்கிறது. குவியலுக்கு வேண்டியது 25 முதல் 30 மடங்கு. பிரதேச சபை முற்றங்களில் இதைச் சந்தை மரக்கறிக் கழிவோடு கலந்துவிட்டுப் பச்சையும் காய்ந்ததும் சேர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். கோவா இலையும் லீக்ஸ் தாளும் நைதரசன் பக்கத்தைச் சேர்ந்தவை. தேயிலை காய்ந்திருந்தாலும் அதே பக்கம். இரண்டும் சேர்ந்தால் நாற்றமும் புழுவும் மிஞ்சும்.

கரிமத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மானாப் புல். காய்ந்த மானாவை 5 முதல் 7 சென்றிமீற்றர் துண்டாக வெட்டி, எடைப்படி ஒரு பங்கு தேயிலைக்கு இரண்டு பங்கு சேர்த்தால் கணக்கு 27க்குக் கிட்ட வரும். குவாத்தமாலாப் புல்லும் ஆகும். புல்லையும் தனியாக நனைக்கவேண்டும். 200 கிலோ காய்ந்த மானாவுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் பிடிக்கும். மரத்தூள் கிடைத்தால் சம எடை போதும், ஆனால் மரத்தூளும் தேயிலைத் தூளும் சேர்ந்தால் காற்றுப் புக இடமில்லாமல் களிபோல் இறுகும். வெட்டிய குச்சி கலக்காமல் அதைச் செய்யவேண்டாம். கவாத்துக் குச்சியையும் சருகையும் மட்டும் மலையிலிருந்து அள்ளி வராதீர்கள். அது அந்த மண்ணின் பங்கு, அங்கேயே கிடக்கட்டும்.

குவியல் 1.5 மீற்றர் அகலம், 1.2 முதல் 1.5 மீற்றர் உயரம். நுவரெலியா உயரத்தில் சிறு குவியல் சூடேறாது. குளிர் விளிம்பிலிருந்து உள்ளே தின்றுகொண்டு போகும். கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே குவியலின் உயரத்தைக் குறைக்காதீர்கள், பக்கத்தைப் பழைய சாக்கால் மூடுங்கள். மூன்று நாளுக்குள் நடுவில் 55 பாகை தாண்டவேண்டும். 65ஐத் தாண்டினால் பிரட்டுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை பிரட்டினால், இடத்தின் உயரத்தைப் பொறுத்து மூன்று முதல் நான்கு மாதம், அதன்மேல் ஒரு மாதம் ஆறவிடல்.

பிரட்டும்போது மூக்கு சொல்லிவிடும். கண்ணை எரிக்கும் அமோனியா வாடை என்றால் தேயிலை கூடிவிட்டது அல்லது டொலமைட் கூடிவிட்டது, புல் சேருங்கள். புளித்த வாடை என்றால் ஈரம் கூடிக் காற்றில்லை; பிரித்துப் போட்டுக் காய்ந்த புல் கலந்து மறுபடி கட்டுங்கள். வாடையே இல்லாமல் உள்ளே சாம்பல் பூத்ததுபோல் வெண்படலம் இருந்தால் காய்ந்துவிட்டது. மேலிருந்து ஊற்றினால் வழிந்து போகும், பிரட்டிக்கொண்டே நனையுங்கள்.

கூரை இல்லாமல் இதைத் தொடங்கவேண்டாம். மேற்குச் சரிவில், கினிகத்தேனை, நோர்ட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை திறந்த குவியல் சேறாகிவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் அதே பாடு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. குவியலுக்கு மேற்புறம் ஒரு கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுங்கள். கீழ்ப்புறம் ஒரு சிறு குழி வைத்து வடியும் கறுப்பு நீரைப் பிடித்து மறுபடி குவியலுக்கே ஊற்றுங்கள்.

பழுத்ததா என்று பார்க்கச் சட்டியில் பாதி மண், பாதி கொம்போஸ்ட் கலந்து 20 முள்ளங்கி விதை போடுங்கள். வெறும் மண்ணில் முளைத்த அளவுக்கு அதிலும் முளைத்தால் மரக்கறித் தோட்டத்துக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம்.

கைப்பற்றிய மூடைகள்

அரசின் கையிலுள்ள சரக்குக்கு ஒரு தனிச் சிக்கல்: வழக்கு முடியும்வரை அது சான்றுப்பொருள். மாதக்கணக்கில் களஞ்சியத்தில் கிடக்கும்போது தூள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 5 சதவீத ஈரத்தோடு 1,000 கிலோவாக உள்ளே போன சரக்கு 12 சதவீத ஈரமாகும்போது 1,080 கிலோ நிற்கவேண்டும். அப்போதும் தராசு 1,000 காட்டினால், 80 கிலோவை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று பொருள். எடை சரியாக இருப்பதுபோலவே தெரியும். எடையோடு ஈரத்தையும் முதல் நாளிலேயே பதியவேண்டும் என்பது இதனால்தான். ஈரமானி இல்லாவிட்டால், 100 கிராமை எடுத்து 103 பாகையில் எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தி, குறைந்த எடையைப் பாருங்கள்.

நல்ல வழி, முத்திரையிட்ட மாதிரிகளை எடுத்துவைத்துக்கொண்டு, மிச்சத்தை அழிக்க நீதவானின் உத்தரவை முன்கூட்டியே கேட்பது. உத்தரவு வந்தால் சீனி, குளுக்கோசு, அன்னபேதி கலந்த சரக்கை மேலே சொன்னபடி கெடுத்துக் கொம்போஸ்டுக்கே அனுப்பலாம். இந்த அளவு இரும்பும் சீனியும் குவியலைக் கெடுக்காது. துணிச்சாயமோ இன்னதென்று தெரியாத இரசாயனமோ கலந்தது என்று ஆய்வு சொன்னால் கொம்போஸ்ட் கூடாது. அதற்கு மிஞ்சுவது புத்தளம் சீமெந்துச் சூளைதான். அங்கே இன்சீ சீமெந்து நிறுவனத்தின் ஈக்கோசைக்கிள் பிரிவு தொழிற்கழிவுகளை ஏற்று எரிக்கிறது. அவ்வளவு தூரத்துக்குப் பஞ்சை ஏற்றுவது செலவுதான், ஆனால் ஊரடுப்பில் எரிப்பதைவிட அதுவே பாதுகாப்பு. ஏற்றுமுன் நனைத்துக் கெடுக்காதீர்கள், ஈரத்துக்கும் சேர்த்து லொறிக் கூலி போகும். முத்திரையும் கூடப்போகும் ஓர் அலுவலரும் வேண்டும்.

கடைசியில் மிஞ்சுவது காலிச் சாக்கு. தோட்டத்தின் பெயரும் இலக்கமும் அச்சடித்த கடதாசிச் சாக்கை முழுசாக வெளியே விட்டால், அடுத்த கலப்பட மூடை அதே பெயரில் வரும். எண்ணி, குறுக்கே வெட்டி, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதிய பிறகு அடுப்பில் போடுங்கள்.